இருபத்தேழு புள்ளி நான்கு

'திரவ அடைப்புகள்: பன்னாட்டு மாநாடு' என்று
பேனர் அடித்துவிட்டான் தென்காசி பிளெக்ஸ் கடைக்காரன்.
மண்டப மேனேஜர் ஆவுடையப்பன்
என்னைத் தனியே கூப்பிட்டுக் கேட்டார்:
"இத்தன வெள்ளக்காரங்களுமா அடைப்பு எடுக்க வந்திருக்காங்க?
பின்பக்கம் ஒரு சாக்கடை கெடக்கு,
போகும்போது பாக்கச் சொல்லுங்கம்மா."

குற்றாலத்தில் சீசன். லாட்ஜ் எதிலும் இடமில்லை.
செங்கோட்டைக் கல்யாண மண்டபத்தில்
முந்தின நாள் முகூர்த்தத்தின் வாழைமரம் வாசலில் வாடாமல் நிற்க,
மணமேடையில் நுண்ணோக்கி.
மாப்பிள்ளை நாற்காலியில் புடாபெஸ்ட்டின் இல்டிகோ,
அடுத்த வேளை ரசம் எப்போது என்ற யோசனையோடு.

என் முறை பதினொன்றரைக்கு.
புளியரை சார்னோக்கைட், சாம்பிள் பதினேழு.
திரையில் நீலம் பாரித்த குவார்ட்ஸ்.
அதற்குள், தலைமுடி அகலத்தில் ஏழில் ஒரு பங்காய்
ஒரு குழி.
குழிக்குள் கரியமில வாயு, நீராய் நெருக்குண்டு.
அதன் நடுவில் ஒரு குமிழ்
வாணலியின் கடைசிக் கடுகாய்
நிலைகொள்ளாமல்.

ஐம்பது கோடி வருஷமாய்த் துள்ளுகிறது
என்று சொல்ல நாக்கு வரும். சொல்லக்கூடாது.
பூமிக்கடியில், அந்தக் கொதிப்பில்,
குமிழ் வேறு நீர் வேறு என்றில்லை.
மேலே வந்து ஆறிய பிறகுதான் பிரிந்தது.

அடுத்த படம்: குழிகள் எறும்பாய் வரிசை போகும் தடம்.
மணியின் எல்லையில் நின்றுவிட்டால் தடம் மூத்தது;
எல்லை தாண்டி அடுத்த மணிக்குள் நுழைந்தால்
பிறகு வந்தது.
முதலாண்டுப் பாடம்.
பரீட்சையில் நான் அதை மாற்றி எழுதினேன்.
எங்கள் ஊரில் கோடுதான் இளையது, ஐம்பத்தாறில் போட்டது.
அதைத் தாண்டும் அரிசிக்கும் மிளகுக்கும்
வயசு தெரியாது.

பன்னிரண்டுக்குக் கரண்ட் போனது.
ஜெனரேட்டர்காரர் சேகனா கையைத் துடைத்தபடி எட்டிப் பார்த்தார்:
"தெரைக்கும் மைக்குக்கும் வரும். ஏசிக்கு வராது."

இருபத்திரண்டு. இருபத்து நாலு.
திரையோரத்தில் எண் ஏறிற்று.
நூற்று நாற்பது பேர், மூடிய ஜன்னல்,
சாம்பார் தாளிக்கும் புகை வேறு.
குமிழ் மெலிந்தது. துடிப்பு கூடியது.
இருபத்தேழு.
நான் பேச்சை நிறுத்தியிருந்தேன்.
யாரும் கேட்கவில்லை ஏன் என்று.
புள்ளி மூன்று
புள்ளி நான்கு

இல்லை.

"ஒடஞ்சிட்டா?" என்றார் வாசலில் சேகனா.
இல்லண்ணே. கலந்துட்டு.
இல்டிகோதான் முதலில் கை தட்டினாள்.
இந்தக் கல்லைச் சுட அடுப்பு வேண்டியிருக்கவில்லை,
நாங்கள் மூச்சு விட்டதே போதும்.

பிறகு கேள்வி நேரம்.
புனலூரிலிருந்து வந்த குரியாக்கோஸ் சார் எழுந்தார்:
"எந்தப் பாறை முகத்தில் வெட்டினீங்க? அட்சரேகை?"
வெட்டவில்லை சார்.
புளியரை செக்போஸ்டில் எடை அதிகமென்று
ஒரு லாரி இறக்கிப் போட்ட குவியலில் பொறுக்கினேன்.
டிரைவர் கை காட்டிய குன்றுக்கு
அடுத்த வாரம் சுத்தியலோடு போனேன்.
குன்று இல்லை.
பச்சையாய்த் தண்ணீர் கிடந்தது, ஒரு பம்பு செட்டும்.

"அப்போ இந்தத் தரவு செல்லாது" என்றார், கோபமில்லாமல்.
செல்லாது சார், என்றேன்.
கிரஷரில் ஜல்லியாகும்போது
குழிகள் எத்தனை திறந்துகொள்ளும்,
எத்தனை மூடியபடியே மலை இறங்கிப் போகும்
என்பதற்கும் தரவு இல்லை.

மறுநாள் களப்பயணம். சாரலில் பஸ் நின்றது.
முன்னால் கொல்லம் போகும் லாரிகள், தார்ப்பாய் சொட்டச் சொட்ட.
எண்ணிக்கொண்டிருந்த ஜப்பானியர் நாற்பத்தொன்றில் விட்டுவிட்டார்.
குரியாக்கோஸ் சார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.
போன மாசம்தான் புது வீட்டுக்குக் கான்கிரீட் போட்டாராம்;
ஜல்லி இங்கிருந்துதான்,
எந்த குவாரி என்று கேட்டுக்கொள்ளவில்லையாம்.

வீட்டில் ஏசி உண்டா சார், என்றேன்.

"பெட்ரூமில் மாத்ரம்" என்றவர்
கொஞ்ச நேரம்
என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.